ஸ்கேனில் கோளாறு இல்லை, வலி மட்டும் இருக்கிறது: உடல் வலியை எப்படிக் கூட்டுகிறது, எப்படிக் குறைக்கிறது?

கொருக்கை வாசகி எழுதியது:

என் அம்மாவுக்கு இடுப்பு வலி. தண்ணீர் லாரியில் பிடித்த குடத்தைத் தூக்கும்போது பிடித்துக்கொண்டது. சில வாரங்களில் விட்டுவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். விடவில்லை, ஆண்டுகள் ஓடிவிட்டன. இப்போது புடவைக் கொசுவம் உராய்ந்தாலே முகம் சுளிக்கிறார். எம்.ஆர்.ஐ. எடுத்தோம். பெரிய கோளாறு எதுவும் இல்லை என்று அறிக்கை வந்தது. அதைப் பார்த்த மருத்துவர் ஒருவர், "எல்லாம் மனதுதான் அம்மா, வேறு எதிலாவது கவனத்தைச் செலுத்துங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்று முதல் அம்மா வீட்டில் வலியைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு பாத்திரம் தேய்க்கிறார்.

இன்னொன்றையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். மாசித் தேருக்குத் திருவொற்றியூர் போயிருந்தோம். கூட்டத்தோடு கூட்டமாக, பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு தேரின் பின்னால் நடந்தார். ஒரு முறைகூட வலிக்கிறது என்று சொல்லவில்லை. இரவு வீடு திரும்பியதும் புரண்டு படுக்க முடியாமல் அழுதார். என் அண்ணன் கேட்ட கேள்வி இதுதான்: "தேர் பார்க்கும்போது வலிக்காத இடுப்பு, வீட்டுக்கு வந்ததும் எப்படி வலிக்கும்?"

அம்மா பொய் சொல்பவர் அல்ல. அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உடலையும் நரம்பையும் அறிந்தவர்கள் யாராவது விளக்குங்கள்.

---

முட்டிக்கையுறை எழுதியது:

நான் வியாசர்பாடியில் பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுக்கிறேன். மருத்துவம் படித்தவன் அல்லன். ஆனால் உங்கள் அண்ணன் கேட்ட கேள்விக்கு விடையை ரிங்கில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

என்னிடம் பயின்ற பையன் ஒருவனுக்கு இரண்டாவது சுற்றில் வலது கையில் எலும்பு முறிந்தது. அவனுக்கே தெரியாது. அதே கையால் மூன்றாவது சுற்று முழுவதும் குத்தினான். முடிவு அறிவித்து, கையுறையைக் கழற்றி, கைக்கட்டை அவிழ்த்தபோதுதான் கத்தினான். அதுவரை வலிக்கவில்லை என்பதற்காக எலும்பு முறியவில்லை என்று ஆகிவிடுமா? அந்தப் பையனை நடிகன் என்று யாரும் சொல்லவில்லை. போட்டியில் ஜெயிப்பவனுக்கு ஒரு நியாயம், பாத்திரம் தேய்க்கும் அம்மாவுக்கு ஒரு நியாயமா? இதை உங்கள் அண்ணனிடம் அப்படியே கேளுங்கள் தங்கையே.

அந்த நேரத்தில் வலி எங்கே போகிறது என்பது எனக்கும் நெடுநாளாக உள்ள கேள்வி.

---

வெண்பலகை எழுதியது:

மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். அம்மா வாசகி, உங்கள் தாயார் சொல்வதில் எந்த முரணும் இல்லை. தேரின் பின்னால் வலிக்காததும் உண்மை, இரவில் வலித்ததும் உண்மை. இரண்டையும் செய்தது ஒரே நரம்பு மண்டலம்.

அடிப்படையிலிருந்து வருகிறேன். தோல், தசை, மூட்டு எங்கும் ஆபத்தை உணரும் நரம்பு நுனிகள் இருக்கின்றன. அதிக அழுத்தம், அதிக வெப்பம், காயத்தில் சுரக்கும் வேதிப்பொருள்கள் ஆகியவை அவற்றைத் தூண்டும். 1997இல் டேவிட் ஜூலியஸின் குழு, மிளகாயின் காரம் எந்தப் புரதத்தைத் தூண்டுகிறது என்று கண்டுபிடித்தது. சுமார் 43 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பமும் அதே புரதத்தைத்தான் திறக்கிறது. மிளகாய் அரைத்த கை எரிவது இதனால்தான். 2021இல் அவருக்கும் ஆர்டெம் படாபூட்டியனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த நுனிகளிலிருந்து செய்தி இரண்டு வகை இழைகளில் பயணிக்கிறது. 'ஏ டெல்டா' இழைகள் மெல்லிய உறை போர்த்தவை. நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகம். 'சி' இழைகளுக்கு உறை இல்லை, நொடிக்கு 0.5 முதல் 2 மீட்டர்தான். கால் விரலை வாசற்படியில் இடித்துக்கொண்டால் முதலில் சுரீர் என்று ஒன்று, ஒரு நொடி கழித்து மந்தமாக, ஆழமாக, நெடுநேரம் நிற்கும் இன்னொன்று. இரண்டு இழைகளின் வேக வேறுபாட்டை நீங்களே உணரும் தருணம் அது.

இவை இரண்டும் தண்டுவடத்தின் பின்கொம்பு என்ற பகுதியில் வந்து முடிகின்றன. அங்கிருந்துதான் அடுத்த நரம்பணு செய்தியை மூளைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். வந்த செய்தியெல்லாம் அப்படியே மேலே போவதில்லை. 1965இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் இருவரும் வெளியிட்ட கதவுக் கோட்பாடு இதைத்தான் சொன்னது. நம் ஊர்க்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கேட்டை இறக்குவது அங்கே இருக்கும் ஊழியர். ஆனால் அவர் நிலையத்திலிருந்து வரும் தகவலுக்கும் கட்டுப்பட்டவர். தண்டுவடத்தின் கதவும் அப்படியே இரண்டு விதமாக மூடப்படுகிறது.

முதல் விதம், அங்கேயே நடப்பது. இடித்துக்கொண்ட இடத்தைக் கை தானாகத் தேய்த்துவிடுகிறது அல்லவா? தொடு உணர்வைக் கொண்டுவரும் பருத்த இழைகள் பின்கொம்பில் உள்ள தடுப்பு நரம்பணுக்களைத் தூண்டி, வலிச் செய்தியின் கடத்தலைக் குறைக்கின்றன. இயன்முறை சிகிச்சையில் மின்பட்டைகளை ஒட்டி மெல்லிய மின்னோட்டம் கொடுப்பதும் இந்த எண்ணத்தில் பிறந்ததுதான்.

இரண்டாவது விதம், மூளையிலிருந்து கீழே இறங்கும் கட்டளை. உங்கள் தாயார் விஷயத்தில் இதுவே முக்கியம். நடுமூளையின் உள்ளே ஒரு சிறு கால்வாயைச் சுற்றிச் சாம்பல் நிறப் பகுதி ஒன்று உண்டு. 1969இல் ரெனால்ட்ஸ் என்ற ஆய்வாளர் எலிகளின் அந்தப் பகுதியில் மின்தூண்டல் கொடுத்து, மயக்க மருந்தே இல்லாமல் வயிற்றில் அறுவை செய்தார். எலிகள் விழித்திருந்தன, துடிக்கவில்லை. அந்தப் பகுதி மூளைத்தண்டின் கீழ்ப்பகுதிக்குச் செய்தி அனுப்புகிறது. அங்கிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் இழைகள் பின்கொம்பில் வலியின் வாயை அடைக்கின்றன. செரடோனின், நார்அட்ரினலின் என்ற நரம்புச் செய்திப் பொருள்கள், உடலே தயாரிக்கும் மார்ஃபின் வகைப் பொருள்கள் ஆகியவை இந்த வேலையில் பங்கேற்கின்றன.

ஹென்றி பீச்சர் என்ற மருத்துவர், இரண்டாம் உலகப் போரில் பலத்த காயம்பட்ட வீரர்களைக் கவனித்து 1946இல் எழுதினார். அவர்களில் நான்கில் மூன்று பேர், கேட்டபோதும் வலி மருந்து வேண்டாம் என்றார்கள். முட்டிக்கையுறை சொன்ன பையனும் அந்த வீரர்களும் ஒரே வகை. உயிருக்கோ வெற்றிக்கோ பாடுபடும் நேரத்தில் மேலிருந்து கட்டளை பலமாக இறங்குகிறது. பேத்தியும் தேரும் கூட்டமும் தெய்வமும் சேர்ந்த நேரத்தில் உங்கள் தாயாருக்கும் அது இறங்கியிருக்கிறது. ஆரவாரம் ஓய்ந்ததும் கட்டளை தளர்ந்தது. அவ்வளவுதான்.

---

எண்ணூர்க் கழிமுகம் எழுதியது:

ஐயா, நீங்கள் எழுதியதை மரியாதையோடு படித்தேன். ஆனால் இது சுற்றி வளைத்து அந்த மருத்துவர் சொன்ன இடத்துக்கே வருகிறது. கவனம் மாறினால் வலி குறைகிறது, மூளை முடிவு செய்கிறது என்றால் அது "மனதுதான்" என்பதற்கு வேறு பெயர்தானே? வாசகியின் அம்மா மனதைத் திடப்படுத்திக்கொண்டால் வலி போய்விடும் என்று நாளை யாராவது சொன்னால் உங்களால் மறுக்க முடியுமா?

மேலும், கேட் என்றால் திறந்திருக்கும் அல்லது மூடியிருக்கும். மனிதனின் வலி அப்படி இல்லை. 1965இல் சொன்ன கோட்பாட்டை இன்றும் அப்படியே ஏற்கிறார்களா?

---

வெண்பலகை எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். அப்படியே ஏற்கவில்லை. அவர்கள் வரைந்த இணைப்புப் படத்தில் சில பகுதிகள் பின்னர் சரியில்லை என்று தெரிந்தது. குறிப்பாக, மெல்லிய இழைகள் தடுப்பு நரம்பணுவை அடக்குகின்றன என்று அவர்கள் காட்டிய இணைப்பை ஆய்வுகள் தாங்கவில்லை. ஆனால் தண்டுவடத்திலேயே வலி கூட்டியும் குறைத்தும் அனுப்பப்படுகிறது, மூளை அதில் தலையிடுகிறது என்ற மையக் கருத்து நிலைத்துவிட்டது. முழுத் திறப்பு, முழு அடைப்பு என்பதும் இல்லை. கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்ற அளவுகள்தான்.

முதல் கேள்வி கனமானது. அதற்கு 1978இல் நடந்த ஒரு சோதனையைச் சொல்கிறேன். ஞானப்பல் பிடுங்கப்பட்ட நோயாளிகளுக்கு லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் ஆகியோர் மருந்தில்லாத வெற்று ஊசியைக் கொடுத்தார்கள். அது வலி மருந்தாக இருக்கலாம் என்ற எதிர்பார்ப்பிலேயே சிலருக்கு வலி தணிந்தது. இதுவரை கேட்டால் "பார்த்தீர்களா, கற்பனை" என்று நீங்கள் சொல்வீர்கள். பிறகு நலாக்சோன் என்ற மருந்தைச் செலுத்தினார்கள். மார்ஃபின் போய் ஒட்டும் ஏற்பிகளை அடைத்துவிடும் மருந்து அது. தணிந்த வலி திரும்பிவிட்டது.

எதிர்பார்ப்பு என்பது வெறும் எண்ணமாக நின்றிருந்தால் ஒரு வேதிப்பொருளால் அதைக் கலைக்க முடியுமா? எண்ணம் மூளைக்குள் மெய்யான ஒரு பொருளைச் சுரக்கச் செய்தது. அந்தப் பொருள் மெய்யான ஏற்பிகளில் ஒட்டியது. அந்த ஏற்பிகளை 1973இல் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் கண்டார்கள். மூளை தானே தயாரிக்கும் மார்ஃபின் வகைப் பொருளான என்கெஃபலினை 1975இல் அபர்டீனில் ஹியூஸும் காஸ்டர்லிட்ஸும் பிரித்தெடுத்தார்கள்.

ஆகவே, வலியில் மூளைக்குப் பங்கு உண்டு என்று சொல்வதும், வலி பொய் என்று சொல்வதும் ஒன்றல்ல. எல்லா வலியும் மூளையில்தான் உணரப்படுகிறது, காலில் ஆணி ஏறிய வலி உட்பட. மனத்திடத்தால் அகற்றிவிடலாம் என்பதையும் மறுக்கிறேன். இரத்த அழுத்தத்தையும் மூளைத்தண்டுதான் கட்டுப்படுத்துகிறது. அதற்காக அதை முடிவெடுத்துக் குறைத்துக்கொள் என்று எந்த நோயாளியிடமும் சொல்வதில்லை. கீழிறங்கும் கட்டளைகளில் பெரும்பகுதி நம் விருப்பத்துக்கு உட்பட்டதல்ல.

---

வங்கக்கடல் எழுதியது:

காசிமேட்டிலிருந்து எழுதுகிறேன். விசைப்படகில் தொழில். வலையிலிருந்து மீனைப் பிரிக்கும்போது திருக்கையின் வால்முள் என் கணுக்காலுக்கு மேல் ஏறிவிட்டது. அந்த வலியைச் சொல்லி முடியாது. தொழிலுக்கு வந்து எத்தனையோ வெட்டும் கிழிசலும் பட்டிருக்கிறேன், இதன் பக்கத்தில் அவை ஒன்றுமே இல்லை. படகிலேயே பெரியவர் ஒருவர் தண்ணீரைச் சுடவைத்து அதில் காலை வைக்கச் சொன்னார். சிறிது நேரத்தில் வலி பெருமளவு இறங்கியது. இது வெண்பலகை ஐயா சொல்லும் கதவு வேலையா, அல்லது விஷம் முறிந்ததா?

இன்னொரு சங்கதி. காயம் ஆறிவிட்டது, வடு மட்டும்தான் இருக்கிறது. ஆனால் அந்த வடுவைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குக் கடல்காற்று பட்டாலே கூசி வலிக்கிறது. முள் குத்தாத இடமும் வலிக்கிறது. மருத்துவர் பார்த்துவிட்டு உள்ளே முள் எதுவும் இல்லை என்கிறார். வாசகி தங்கையின் அம்மாவுக்குப் புடவை உராய்ந்தால் வலிப்பதைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

---

இரவுப்பணிச் செவிலி எழுதியது:

அண்ணா, உங்கள் படகுப் பெரியவர் செய்தது இன்றைய மருத்துவமும் சொல்லும் முதலுதவி. தாங்கக்கூடிய சூட்டில், அதாவது ஏறத்தாழ 40 முதல் 45 டிகிரி வெந்நீரில், 30 முதல் 90 நிமிடம் வைக்க வேண்டும். திருக்கையின் விஷத்தில் வெப்பத்தால் சிதையும் புரதங்கள் இருக்கின்றன என்பது ஒரு விளக்கம். சூடே நரம்பு வழியாக வலியைத் தணிக்கிறது என்பது இன்னொன்று. இரண்டுமே சேர்ந்து வேலை செய்யலாம். ஆனால் அடிபட்ட காலை வைத்துச் சூட்டைக் கணிக்காதீர்கள். அடிபடாத கையை விட்டுப் பார்த்த பிறகே காலை வையுங்கள். வலியில் மரத்த கால் வெந்துபோன நிலையில் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மார்பிலோ வயிற்றிலோ குத்தினால் வெந்நீர் வைத்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். முள்ளின் துண்டு உள்ளே இருக்கிறதா என்று பார்ப்பதும் டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பார்ப்பதும் எல்லோருக்கும் அவசியம்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் இந்த விவாதத்தின் உயிர்நாடி என்று நினைக்கிறேன். இதுவரை வலியைக் குறைக்கும் வழிகளைப் பற்றியே பேசினோம். கூட்டும் வழிகளும் அதே தண்டுவடத்தில் இருக்கின்றன.

1966இல் லோர்ன் மெண்டெல் கண்டது: சி இழைகளை ஏறக்குறைய நொடிக்கு ஒரு முறை என்று தொடர்ந்து தூண்டினால், தூண்டலின் அளவு மாறாதபோதும் பின்கொம்பு நரம்பணுவின் பதில் ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போகிறது. 1983இல் கிளிஃபோர்ட் ஊல்ஃப் இன்னொரு படி மேலே போனார். ஒரு காயத்துக்குப் பின் தண்டுவடத்தின் நரம்பணுக்களே கூர்மை அடைந்து, காயம்படாத இடத்திலிருந்து வரும் சாதாரணத் தொடுதலுக்கும் வலிக்கான பதிலைக் கொடுக்கத் தொடங்குகின்றன என்று காட்டினார். நரம்புச் செய்தியைக் கடத்தும் குளுட்டமேட் என்ற பொருள் ஓயாமல் வந்து விழும்போது, வழக்கமாக மெக்னீசியத்தால் அடைபட்டிருக்கும் என்எம்டிஏ ஏற்பிகள் திறந்துகொள்கின்றன. கால்சியம் உள்ளே பாய்கிறது. அந்த நரம்பணு அதன்பின் முன்பைவிட எளிதில் தூண்டப்படுவதாக மாறிவிடுகிறது.

மூளைத்தண்டும் எப்போதும் நல்ல பக்கத்தில் நிற்பதில்லை. அங்கே வலியைத் தடுக்கும் அணுக்களும் உண்டு, வலியைக் கூட்டும் அணுக்களும் உண்டு. ஹோவர்ட் ஃபீல்ட்ஸின் குழு இவ்விரு வகையையும் அடையாளம் கண்டது. தூக்கமின்மை, அச்சம், நீண்டநாள் மன உளைச்சல் ஆகியவை வலியைக் கூட்டுகின்றன; அதில் இந்த இரண்டாவது வகைக்கும் பங்கு உண்டு.

வடுவைச் சுற்றி ஒரு சாண் வலிப்பதற்கும், கொசுவம் உராய்ந்தால் வலிப்பதற்கும் இது பொருந்துகிறது. தோலில் கோளாறு இல்லை, ஸ்கேனிலும் தெரியாது. கோளாறு செய்தியைக் கையாளும் முறையில் இருக்கிறது. வாசகி, உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். ஸ்கேன் எடுக்கும் இயந்திரம் எலும்பையும் சவ்வையும் படம் பிடிக்கிறது. நரம்பணு கூர்மை அடைந்ததை அது படம் பிடிப்பதில்லை.

---

தையல்மெஷின் எழுதியது:

பழைய வண்ணாரப்பேட்டையில் சொந்தமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு நீண்ட நாளாகச் சர்க்கரை. இரவானால் இரண்டு பாதமும் எரிகிறது என்று ஈரத்துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆனால் பகலில் செருப்பு கழன்று போனதுகூடத் தெரியாமல் வீட்டுக்கு வருகிறார். உணர்வே இல்லாத காலுக்கு எரிச்சல் எப்படி வரும்? மருத்துவர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். மருந்துக்கடையில் ஒருவர், "இது மனச்சோர்வுக்குக் கொடுப்பது" என்றதும் அப்பா கோபப்பட்டு அட்டையோடு தூக்கிப் போட்டுவிட்டார். எனக்குப் பைத்தியமா என்று கேட்கிறார்.

---

இரவுப்பணிச் செவிலி எழுதியது:

தயவுசெய்து அப்பாவிடம் பேசுங்கள். அமிட்ரிப்டிலின், டுலோக்செட்டின் போன்ற மருந்துகள் மனச்சோர்வுக்காகப் புழக்கத்துக்கு வந்தவைதான். ஆனால் அவை நரம்பணுக்களின் சந்திப்பில் செரடோனினும் நார்அட்ரினலினும் கூடுதல் நேரம் தங்கும்படி செய்கின்றன. வெண்பலகை ஐயா சொன்ன, மேலிருந்து இறங்கும் தடுப்புக் கட்டளைக்குத் தேவையான அதே பொருள்கள். நரம்பு வலிக்குக் கொடுக்கப்படும்போது அமிட்ரிப்டிலினின் அளவும் பொதுவாக மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடக் குறைவு. காபாபென்டின், பிரிகாபலின் என்ற மருந்துகள் வேறு இடத்தில் வேலை செய்கின்றன: நரம்பு முனையின் கால்சியம் வாயில்களில் ஒரு பகுதியைப் பற்றிக்கொண்டு, வலிச் செய்தியைக் கடத்தும் பொருள் வெளியேறுவதைக் குறைக்கின்றன.

மருந்துக்கடைகளில் கேட்டு வாங்கும் சாதாரண வலி மாத்திரைகள் இவற்றிலிருந்து வேறுபட்டவை. வலியையும் வீக்கத்தையும் கூட்டும் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் காயத்தில் உருவாவதை ஆஸ்பிரின் தடுக்கிறது என்று 1971இல் ஜான் வேன் காட்டினார். வீக்கமும் புண்ணும் உள்ள வலிக்கு அந்த வகை மருந்துகள் உதவும். நரம்பே சேதமான வலிக்கு அவற்றால் பெரிய பயன் இல்லை. சர்க்கரை உள்ளவர் தொடர்ந்து விழுங்கினால் சிறுநீரகம் கெடக்கூடும். இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. எத்தனை பேர் மாதக்கணக்கில் விழுங்கிவிட்டு, கால் வீங்கி எங்கள் வார்டுக்கு வருகிறார்கள்!

உணர்வில்லாத கால் ஏன் எரிகிறது என்றால், சேதமடைந்த நரம்பு வெளியிலிருந்து வரும் செய்தியைச் சரியாகக் கடத்துவதில்லை. அதே நேரத்தில் தூண்டல் ஏதும் இல்லாமல் தானாகவே செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒரே காலில் நடக்கும். அப்பாவின் பாதங்களைத் தினமும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். புண் வந்தால் அவருக்குத் தெரியாது.

---

பழைய ஜெயில் ரோடு எழுதியது:

இந்தப் பேச்சில் நம் பகுதியின் பெயர் ஒன்று வர வேண்டும். கை கால் வெட்டப்பட்ட பிறகும் இல்லாத உறுப்பில் வலிப்பதைப் பற்றி ஆராய்ந்து உலகப் பெயர் பெற்ற வி.எஸ். ராமச்சந்திரன், நம் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1990களில் அவர் செய்தது மிக எளிய கருவி: ஒரு பெட்டி, நடுவில் ஒரு கண்ணாடி. இருக்கும் கையைக் கண்ணாடியின் முன் அசைத்தால், இல்லாத கையும் அசைவதாகக் கண்ணுக்குத் தெரியும். சிலருக்கு இறுக மூடியிருந்த இல்லாத கை அப்போது விரிந்தது, வலி தளர்ந்தது. எல்லோருக்கும் பலன் கிடைப்பதில்லை. ஆனால் கையே இல்லாத இடத்தில் வலி இருக்க முடியும் என்றால், ஸ்கேனில் ஒன்றும் இல்லாத இடுப்பில் ஏன் இருக்கக் கூடாது?

---

எண்ணூர்க் கழிமுகம் எழுதியது:

நலாக்சோன் சோதனை எனக்கு வலுவாகத் தெரிகிறது. ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் என் அச்சம் வேறு. இதைப் படிக்கும் ஒருவர், "வலி என்றால் உடலில் சேதம் என்று பொருளல்ல" என்று எடுத்துக்கொண்டு நெஞ்சுவலியைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால்? எங்கள் அனல்மின் நிலையப் பகுதியில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஒரு நாள் கூலி போகும் என்று எதையும் சொல்லாமல் வேலைக்கு வருகிறவர்கள். அவர்களிடம் வலியைப் புறக்கணிக்க இன்னொரு காரணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். வலி வேண்டாத ஒன்றாக இருந்தால் இயற்கை அதை ஏன் வைத்தது?

---

வெண்பலகை எழுதியது:

உங்கள் அச்சம் நியாயமானது. வலியே இல்லாமல் பிறப்பவர்கள் உண்டு. 2006இல் வெளியான ஓர் ஆய்வு வட பாகிஸ்தானின் சில குடும்பங்களைப் பற்றியது. அவர்களில் ஒரு சிறுவன் தெருவில் கத்தியைக் கையில் குத்திக்கொண்டும், நெருப்புத் தணலில் நடந்தும் வித்தை காட்டிப் பிழைத்தான். ஆய்வாளர்கள் அவனைப் பார்க்கும் முன்பே, பதினான்கு வயது நிறையுமுன், கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். அவனைப் போன்ற பிள்ளைகளுக்கு வலி நரம்பின் ஒரு சோடியம் வாயில் மரபுக் கோளாறால் வேலை செய்வதில்லை. வலி இல்லாத வாழ்வு எப்படி முடியும் என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம்.

ஆனால் எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். 2015இல், முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். இருபது வயதில் 30 சதவீதம் பேருக்கும், எண்பது வயதில் 84 சதவீதம் பேருக்கும் முதுகெலும்பு வட்டு புடைத்திருந்தது. வலி இல்லாமலே! ஸ்கேனில் புடைப்பு என்றதும் இனி குனியவே கூடாது என்று முடங்கிவிடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஸ்கேனை மட்டும் வைத்து வலியை அளப்பது இரண்டு பக்கமும் தவறாகப் போகிறது: ஒருவரைப் பொய்யர் ஆக்குகிறது, இன்னொருவரை நோயாளி ஆக்குகிறது. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 1979இல் எழுதிய வரையறையை 2020இல் திருத்தியபோது, ஒருவர் தன் வலியைப் பற்றிச் சொல்வதை மதிக்க வேண்டும் என்று குறிப்பாகவே சேர்த்தது. என் மாணவர்களில் ஒருவராவது இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

---

இரவுப்பணிச் செவிலி எழுதியது:

எண்ணூர் அண்ணன் கேட்டதற்காக இதைத் தனியே எழுதுகிறேன். நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் 108ஐ அழையுங்கள், யோசிக்க வேண்டாம். முதுகுவலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, தொடை இடுக்கில் மரத்தாலோ, கால் வலுவிழந்தாலோ அன்றே மருத்துவமனை. காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, முன்பு புற்றுநோய் இருந்தது, விழுந்து அடிபட்டது ஆகியவற்றோடு வரும் முதுகுவலியையும் தள்ளிப்போடக் கூடாது. நாம் பேசுவது இவையெல்லாம் இல்லை என்று பார்த்து முடித்த பிறகும் மாதக்கணக்கில் நிற்கும் வலியைப் பற்றி.

---

வங்கக்கடல் எழுதியது:

படித்துவிட்டுக் கடலுக்குப் போய்வந்தேன். படகில் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். கடலில் வலி கொடுப்பவைதான் அதிகம். வலியை ஆற்றும் மருந்து எதுவும் கடலிலிருந்து கிடைக்கிறதா ஐயா?

---

வெண்பலகை எழுதியது:

கிடைக்கிறது. கூம்பு வடிவ ஓடுள்ள நத்தை ஒன்று, கொட்டி மீனை மரக்கச் செய்து விழுங்கும். மன்னார் வளைகுடாவிலும் அந்த இனத்தின் வகைகள் உண்டு. உயிரோடு இருப்பதைக் கையில் எடுக்காதீர்கள், சில வகைகள் மனிதரையே கொல்லும். பிலிப்பைன்ஸைச் சேர்ந்த பால்டோமெரோ ஒலிவெராவின் ஆய்வகம் அவற்றின் விஷத்தைப் பிரித்து ஆராய்ந்தது. அதில் ஒரு பொருளின் செயற்கை வடிவம் சிக்கோனோடைடு என்ற பெயரில் 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரில் நேரடியாகச் செலுத்த வேண்டும். பின்கொம்பில் சி இழையின் முனை எந்தக் கால்சியம் வாயில் வழியாகத் தன் செய்தியைக் கொட்டுகிறதோ, அதையே அடைக்கிறது. வேறு எதற்கும் அடங்காத கடும் வலிக்கு மட்டும்தான்.

---

கொருக்கை வாசகி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அண்ணனிடம் முட்டிக்கையுறை அண்ணன் எழுதியதைக் காட்டினேன். அவன் முழுவதும் படித்தான். பிறகு அம்மாவிடம் போய், எந்த இடத்தில் வலிக்கிறது என்று கேட்டான். அம்மா பேச ஆரம்பித்துவிட்டார்.

இப்போது நடைமுறையில் என்ன செய்வது? எந்தப் பிரிவுக்கு அழைத்துப் போவது? படுத்தே இருக்கச் சொல்லலாமா, நடக்கச் சொல்லலாமா?

---

முட்டிக்கையுறை எழுதியது:

நடப்பதைப் பற்றி என் அனுபவத்தைச் சொல்கிறேன். அடிபட்டு மீண்டு வரும் பையனை முதல் நாளே முழுப் பயிற்சியில் இறக்கினால் அன்றிரவே படுத்துவிடுவான். நேற்று தாங்கிய அளவுக்கு மேல் சிறிதுதான் கூட்டுவேன். நல்ல நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்ய விடாதீர்கள். தேர் அன்று நடந்தது அதுதான். சுமாரான நாளிலும் கொஞ்சமாவது நடக்க வையுங்கள்.

---

இரவுப்பணிச் செவிலி எழுதியது:

அவர் சொன்னது சரி. உடற்பயிற்சி கீழிறங்கும் தடுப்பு வழியைத் தூண்டும் என்பதற்குச் சான்றுகள் உண்டு; நெடுநாள் படுக்கை நன்மை செய்வதில்லை. தூக்கத்தைச் சரிசெய்வதும் மருந்துக்குச் சமமான வேலை.

பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் மயக்கவியல் துறையினர் வலி சிகிச்சைப் பிரிவை நடத்துகிறார்கள். வெளிநோயாளிச் சீட்டு வாங்கும் இடத்திலேயே அந்தப் பிரிவு எந்த நாளில் இயங்குகிறது என்று கேளுங்கள். இயன்முறை மருத்துவரையும் சேர்த்துப் பாருங்கள். போகும்போது எழுதி எடுத்துச் செல்லுங்கள்: வலி எப்போது தொடங்கியது, எது கூட்டுகிறது, எது குறைக்கிறது, துணி பட்டால் வலிக்கிறதா, இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறார், இதுவரை விழுங்கிய மாத்திரைகளின் அட்டைகள். துணி பட்டால் வலிக்கிறது என்பதை அம்மா தானாகச் சொல்லமாட்டார்; நீங்கள் சொல்லுங்கள், மருந்தைத் தேர்ந்தெடுப்பதில் அது முக்கியம். சர்க்கரை, தைராய்டு, வைட்டமின் பி12 பரிசோதனைகள் செய்திருந்தால் அந்த முடிவுகளும் வேண்டும்.

நரம்பு வலி மாத்திரை எழுதிக்கொடுத்தால் முதல் சில நாள் தூக்கக் கலக்கம் இருக்கும், மாடிப்படியில் கவனம். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். பலன் தெரியவில்லை என்று தானாகவும் நிறுத்தக் கூடாது, குறைந்துவிட்டது என்று திடீரென்றும் நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். தையல்மெஷின் தம்பி, அப்பாவுக்கும் இதேதான். தூக்கிப் போட்ட அட்டைக்குப் பதில் புதிதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவருக்கு இதய நோயோ புராஸ்டேட் தொல்லையோ இருந்தால் அதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.